மாலைக் குளிசை

மாலைக் குளிசையை நகுலேஸ்வரி ஒருநாளும் விழுங்கியதில்லை.

காலைக் குளிசை வேறு. குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்தின் முன்னால் நின்று அதை விழுங்குவாள். மாலையில் வருவதை மட்டும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவாள். அங்கே சன்னலோரம் சக்கர நாற்காலியில் தங்கை அருள்மலர் இருப்பாள். கையிலிருந்து கைக்குக் குளிசை மாறும். ஒரு மிடறு தண்ணீர். பிறகு இரண்டு பேரும் கறிக்கு உப்புக் காணுமா, மழை விட்டதா என்று வேறு கதை கதைப்பார்கள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே நோய். கால் தசையில் தொடங்கி, ஆளைக் கீழிருந்து மேலாக மெல்ல மெல்லத் தின்றுகொண்டு வருகிற நோய். ஊரில் இருந்தபோது அதற்குப் பெயர் தெரியாது. அகதியாகப் போன ஜெர்மனியில் ஒரு டொக்டர் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னார். மருந்து இல்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார். நகுலேஸ்வரியின் புருசன் தவராசா லண்டனுக்கு வந்து கடை போட்டபோது, கல்யாணம் கட்டாத மச்சாளையும் சேர்த்தே கூட்டிவந்தான். லூயிஷாமில் கவுன்சில் கொடுத்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட் ஓடுகிற நாட்களில் அருள்மலருக்குத் தெருவும் சந்தையும் சிவன் கோயிலும் உண்டு. ஓடாத நாட்களில் சன்னல் மட்டும்தான். ஓடாத நாட்கள்தான் அதிகம்.

நகுலேஸ்வரி இன்னும் நடந்தாள். கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, எப்படியோ நடந்தாள். ஆனால் தங்கையின் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம், பக்கத்தில் தனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் அந்த நோய்க்கு முதன்முதலாக ஒரு மருந்துப் பரிசோதனை தொடங்கியது. தொடங்கியது அரசாங்கமும் இல்லை, பெரிய மருந்துக் கொம்பனியும் இல்லை. விம்பிள்டனில் ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கிய ஒரு சின்னச் சாரிட்டி. அக்காவும் தங்கையும் ஆசையோடு போனார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார்கள். டொக்டர் சிவானந்தன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், எல்லாவற்றையும் தமிழிலேயே விளக்கினார். நடை மாறுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ஆகவே நடக்கக்கூடியவர்களை மட்டும்தான் சேர்க்கலாம். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மற்றப் பாதிக்கு மருந்தைப்போலவே இருக்கும் வெறும் மாவுக் குளிசை. யாருக்கு எது என்பது தனக்கே தெரியாது என்றார். அருள்மலரிடம் சேர்க்க முடியாது என்பதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து அவளே அவருக்கு ஆறுதல் சொன்னாள். அக்காவைச் சேர்த்தீங்களே, அது காணும் என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் நகுலேஸ்வரியைக் கொன்றது. சிவன் கோயில் அன்னதானத்தில் பந்தி முழுக்கப் பரிமாறி, கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் அவள் தனக்கென்று ஒரு கோப்பை எடுப்பாள். ஒரு பிஸ்கட் கிடைத்தாலும் பாதியாக உடைத்தே பழகிய கை. தங்கை பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் மருந்து விழுங்குவதென்றால் தொண்டை எப்படித் திறக்கும்? முதல்நாள் மாலையே அந்தக் கை நீண்டுவிட்டது.

"நீ குடி அக்கா. உனக்குத்தானே தந்தவை," என்றாள் அருள்மலர்.

"காலமை நான் குடிச்சிட்டன். இது உன்ரை."

அதற்குமேல் அதைப்பற்றிப் பேச்சில்லை. மாவுக் குளிசையாகவும் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னதை இருவரும் காதால் கேட்டவர்கள்தான். ஆனால் கேட்டது காதோடு நின்றுவிட்டது. சில வாரங்களில் கால் கொஞ்சம் இலேசானதுபோல நகுலேஸ்வரிக்குப் பட்டது. அருள்மலரும், கால் விரலில் ஏதோ சுருசுருக்கிறது, உயிர் திரும்புகிறதாக்கும் என்றாள்.

மாதம் ஒருமுறை நகுலேஸ்வரியை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போக வருகிறவள் பியற்றிஸ். எழுபதை நெருங்கிய வெள்ளைக்காரி. சாரிட்டியைத் தொடங்கியதே அவள்தான். அவளுடைய ஒரே மகன் எட்வேட் இந்த நோயில்தான் போனான். அவனை அடக்கம் பண்ணிய வருடமே தன் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேரை உட்காரவைத்துத் தொடங்கிவிட்டாள். கேக் விற்றாள். பழைய உடுப்பு விற்றாள். ரயில் நிலைய வாசல்களில் மழைக்குள் நின்று வாளி குலுக்கினாள். அவள் கொண்டுவந்து தந்த கேக்கில் ஒரு துண்டைத் தின்றுவிட்டுத் தவராசா, "இதை வித்துக் காசு சேர்த்தவ எண்டால் மனிசி உண்மையிலேயே கெட்டிக்காரிதான்," என்றான். நகுலேஸ்வரி அவனை முறைத்தாள். அருள்மலருக்குச் சிரித்துப் புரைக்கேறியது.

காரில் போகும்போது பியற்றிஸ் நிறுத்தி நிறுத்தி, விளங்குகிற இங்கிலிஷில் அந்த மருந்தின் கதையைச் சொன்னாள். ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு பெண், தேயும் தசையைத் தேயவிடாமல் பிடித்துவைக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தாள். எலிகளில் அது வேலை செய்தது. சஞ்சிகையில் எழுதினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், அதோடு சரி. நோயாளிகள் கொஞ்சப் பேர். கொம்பனிகளுக்கு அதில் ஆதாயமில்லை. எலிக்குக் கொடுத்ததை மனிதருக்குக் கொடுக்கும்படி சுத்தமாகச் செய்விக்க வேண்டும். நஞ்சில்லை என்று காட்ட வேண்டும். அனுமதி எடுக்க வேண்டும். பரிசோதனை நடத்த டொக்டரும் நேர்ஸும் வேண்டும். ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் கைவரைக்கும் உள்ள அந்த வழி முழுவதையும் வேறு யாரும் நடக்கவில்லை. கேக் விற்றவர்கள்தான் நடந்தார்கள்.

நகுலேஸ்வரி அதைத் தன் வழியில் விளங்கிக்கொண்டாள். வீட்டில் ஒரு பேணி அரிசி போட்டுச் சமைக்கத் தெரிந்துவிட்டால் காணாது. திருவிழாவுக்கு அண்டா ஏற்றுவதென்றால் அடுப்பு வேறு, அளவு வேறு, இறக்கிவைக்கிற ஆட்கள் வேறு.

"எங்களிடம் ஆட்கள் மிகக் குறைவு," என்றாள் பியற்றிஸ். "பெரிய நோய்களில் ஒருவர் மருந்தை மறந்தாலும் கூட்டத்தில் தெரியாது. இங்கே ஒருவர் பிசகினால்கூட நல்ல மருந்தும் உதவாத மருந்தாகத் தெரிந்துவிடும்."

அவள் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. சிக்னலில் பச்சை விழக் காத்திருந்தபடி சும்மா சொன்னாள். நகுலேஸ்வரிக்குத்தான் காருக்குள் காற்றுப் போதாமல் போனது. கண்ணாடியை இறக்கி, குளிர்காற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்றைக்குத் தாழ்வாரத்தில், பரீட்சையில் தேற வேண்டியவள்போல முழுப் பலத்தையும் கூட்டி வேகமாக நடந்து காட்டினாள். பிறகு சிவானந்தன் வழக்கம்போல, "ரெண்டு வேளையும் ஒழுங்கா எடுக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டார். வெறும் குளிசைப் போத்தல் மேசையில் இருந்தது. எடுக்கிறேன் என்றாள்.

மாலையில் குளிசையும் கையுமாக அறைவாசலில் நின்றாள். கொடுக்காமல் விட்டால் தங்கைக்குத் துரோகம். கொடுத்தால் மழைக்குள் வாளி குலுக்கிய அந்த மனிசிக்குத் துரோகம். தானே குடித்துவிடலாம் என்றால், இவ்வளவு நாள் குடிக்காததைச் சொல்லாமல் விடுவதும் பொய்தான். எந்தக் கதவைத் தள்ளினாலும் வெளியால் பூட்டியிருந்தது.

"என்ன அக்கா, வாசல்லை நிண்டுட்டாய்?" என்றாள் அருள்மலர்.

கை தானாக நீண்டது. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகு வந்த மாலைகளிலும்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் அருள்மலருக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை. வயிறு நோகிறது என்றாள், சத்தி எடுத்தாள். ஒரு காலை, சன்னல் வெளிச்சத்தில் நகுலேஸ்வரி தங்கையின் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. அம்புலன்ஸ்காரர் இருவர் அவளை நாற்காலியோடு தூக்கிப் படி வழியே இறக்கினார்கள்.

வார்டில் ஒரு இளம் பெண் டொக்டர் வந்து ஈரல் பழுதாகிக்கொண்டு வருகிறது என்றாள். ஏன் என்று இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமாகிவிட்டதால் ஸ்கான் திங்கள்தான். என்ன மருந்து எடுக்கிறாய், கைமருந்து, ஊர் மருந்து ஏதும் உண்டா என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். மருந்துதான் காரணமென்றால் வைத்தியமே வேறு, தெரியாமல் இருட்டில் தேடினால் ஈரல் காத்திருக்காது என்றாள். அருள்மலர் ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும், அக்காவின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்தாள்.

"சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. சொன்னால் உன்ரை இடத்தைப் பறிச்சுப்போடுவினம். எனக்குக் கால் போயிட்டுது. உனக்கும் போகவேணுமே?"

கைக்குக் கீழே தலை காய்ச்சலில் கொதித்தது. நகுலேஸ்வரி சத்தியம் பண்ணினாள்.

வீட்டுக்கு வந்ததும் தவராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. மச்சாளைக் கூடப்பிறந்தவளைப்போல வைத்திருந்தவன். ஆனால் பயந்தவன். இடியப்பத்தைப் பிசைந்தபடியே யோசித்தான்.

"வாயைத் திறக்காதையும்," என்றான் கடைசியில். "ஈரலைக் கெடுக்குது எண்டு தெரிஞ்சால் அந்த மருந்தையே நிப்பாட்டிப்போடுவாங்கள். உம்மாலை எத்தினை பேரின்ரை மருந்து போகும்? அந்த மனிசி எத்தினை வருசம் கேக் வித்தது?"

"மலருக்கு ஏதும் நடந்தால்?"

அவன் கை கழுவ எழுந்து போனான்.

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நகுலேஸ்வரி கோயிலில் இறங்கினாள். எந்தத் துன்பத்திலும் அவளுக்கு வேண்டுதலுக்கு வார்த்தை வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. தங்கை பிழைக்கட்டும் என்று கேட்டால், அதற்கு வழி உண்மையைச் சொல்வது. மருந்து பிழைக்கட்டும் என்று கேட்டால், அதற்கு வழி வாயை மூடிக்கொண்டிருப்பது. அதற்கு நடுவே, இதே குளிசையை இன்று காலையும் விழுங்கியிருக்கும் முகம் தெரியாத ஒருத்தி, லீட்ஸிலோ கார்டிஃபிலோ, அவளுடைய கண்ணும் மஞ்சளாகிக்கொண்டு வந்தால்? கும்பிட்ட கையைப் பிரித்துக்கொண்டு, ஒன்றும் கேளாமலே வெளியே வந்தாள். கேட்கத் தெரியாமல் நின்றதையும் சிவன் கேட்டிருப்பான் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

பின்னேரம் பியற்றிஸ் வார்டுக்கு வந்தாள். திங்கள் கிழமைச் சோதனைக்கு வர ஏலாது, தங்கைக்குச் சுகமில்லை என்று நகுலேஸ்வரி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுத்தான், கார் பழுதாகிக் கிடந்தும், பஸ்ஸும் ரயிலும் மாறி வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு சோடி தடித்த கம்பளிக் காலுறையை எடுத்தாள். இந்த நோய்க்காரருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் விறைத்துவிடும், நேர்ஸ்மாருக்கு அது தெரியாது என்றாள். கட்டில் ஓரத்தில் இருந்து, போர்வையை விலக்கி, அருள்மலரின் அசையாத பாதங்களை ஒவ்வொன்றாகத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். சூடேறிய பிறகு காலுறையை மாட்டிவிட்டாள். பரிசோதனையில் சேராத ஒருத்தியின் பாதங்கள் அவை. அவளால் சாரிட்டிக்கு ஒரு பயனும் இல்லை.

கோயிலில் வராத வார்த்தை அந்தக் காலுறையைப் பார்த்தபோது வந்தது. நகுலேஸ்வரி எழுந்து பியற்றிஸின் கையைப் பிடித்து வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனாள். வார்டுக் கதவு சாத்திக்கொண்டதும், தெரிந்த இங்கிலிஷில் முன்பின்னாகச் சொன்னாள்.

"மாலைக் குளிசையை நான் எடுக்கவில்லை. அவளுக்குக் கொடுத்தேன். முதல் நாளிலிருந்து."

பியற்றிஸ் சுவரோரம் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களில் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. ஸ்கான் வரட்டும், திங்கள்வரை பொறுக்கலாம் என்று அவள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நினைப்பு வந்தும் இருக்கும்; மனிசிதானே. நகுலேஸ்வரி அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தாள்.

"பரிசோதனையில் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு இலக்கம் தந்தார்களே," என்றாள் பியற்றிஸ். "அது கையில் இருக்கிறதா?"

"மருந்தை நிறுத்திவிடுவார்களா?"

"நிறுத்தலாம். ஆளுக்குத் தீங்கு செய்கிறதென்றால் நிறுத்தத்தான் வேண்டும். யாருக்காக இதைச் செய்தோம்?"

சொல்லும்போது குரல் அசையவில்லை. ஆனால் இலக்கத்தை அழுத்தியபோது முதல் தரம் வேறு யாருக்கோ போய்விட்டது.

சிவானந்தன் வீட்டில் இருந்த உடுப்போடே வந்து சேர்ந்தார். கோபிக்கவில்லை. எப்போதிருந்து, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். பொய் சொன்னதற்கு நகுலேஸ்வரி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் போத்தலில் இருந்தது என்னவென்று தெரியவேண்டும் என்று சொல்லிவிட்டு, யாருக்கு எது என்ற இரகசியத்தைப் பூட்டி வைத்திருக்கிறவர்களைத் தொலைபேசியில் பிடிக்கப் போனார்.

நகுலேஸ்வரி கட்டிலுக்குத் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அருள்மலருக்கு விளங்கிவிட்டது.

"சத்தியத்தை உடைச்சிட்டாய்," என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் காத்திருப்பு நகுலேஸ்வரிக்குப் பிணத்தை எரித்துக் காடாத்திவிட்டு வந்த வீடுபோல இருந்தது. தங்கை முகம் தரவில்லை. பியற்றிஸ் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாமியிடம் அவள் என்ன கேட்டாளோ. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சிவானந்தன் வந்தபோது இரண்டு பேரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள். அருள்மலர் மட்டும் சுவரைப் பார்த்தபடியே காதைக் கொடுத்தாள்.

"உங்க போத்தல்ல மருந்து இல்லக்கா," என்றார். இங்கிலிஷில் ஒருமுறை பியற்றிஸுக்கும் சொன்னார். "வெறும் மாவுதான்."

பியற்றிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மருந்து குற்றவாளி இல்லை. நகுலேஸ்வரிக்கோ விளங்க நேரமெடுத்தது. அப்படியென்றால் கால் இலேசானது? விரல் சுருசுருத்தது? இத்தனை மாதமும் உள்ளங்கையில் மூடி, பயந்து பயந்து கொண்டுபோய்க் கொடுத்தது மாவையா?

சுவர்ப்பக்கம் அருள்மலரின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நகுலேஸ்வரி குனிந்து பார்த்தாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நாளும் எனக்கு மாவோ தீத்தினனீ?" என்றாள், நோவுக்கும் சிரிப்புக்கும் நடுவே. "அதுக்குக் கொழுக்கட்டை அவிச்சுத் தந்திருந்தால் வயிறாவது நிரம்பியிருக்கும்."

"பாதிதான்டி உனக்குத் தந்தனான். மிச்சத்தை நானும் திண்டனான்," என்றாள் நகுலேஸ்வரி. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மருந்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்றானதும் சிவானந்தன் அந்த இளம் டொக்டரோடு நின்று கதைத்து, திங்கள்வரை விடாமல் அன்றைக்கே ஸ்கானுக்கு வழி பண்ணினார். பித்தக் குழாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். சில நாளில் கண் வெளுத்தது. வீட்டுக்குத் திரும்பிய அன்று லிப்ட் ஓடியதை, தவராசா தான் கவுன்சிலுக்கு அடித்த தொலைபேசியால்தான் என்று இரண்டு நாள் சொல்லித் திரிந்தான்.

நகுலேஸ்வரிக்கு இனிக் குளிசை கிடையாது. இரகசியம் உடைந்துவிட்டதால் மாவுக் குளிசைக்கும் அர்த்தமில்லை, மருந்துப் பக்கத்துக்கு மாற்றவும் விதியில்லை. மருந்து நல்லதென்று முடிவானால் எல்லோருக்கும் கிடைக்கும். அதற்கு எத்தனை வருடமோ, அதுவரை அவளுடைய கால்கள் பொறுக்குமோ, யாருக்கும் தெரியாது. சிவானந்தன் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். மாலைக் குளிசையின் கதையையும் உள்ளபடி பதிந்துகொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"நடக்க மட்டும் வருவீங்களா அக்கா? மருந்து எடுக்காதவங்க எவ்வளவு தளர்றாங்கன்னு தெரிஞ்சாத்தான், எடுக்கிறவங்களுக்கு அது என்ன செஞ்சதுன்னு சொல்ல முடியும். உங்களுக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது. சும்மாதான் கேக்கிறேன்."

அவள் வருகிறேன் என்றாள்.

அடுத்த மாதம் பியற்றிஸின் கார் வந்தது. தாழ்வாரம் அதே தாழ்வாரம்தான், அதே நீளம்தான். நேர்ஸ் கையில் மணிக்கூட்டோடு நின்றாள். முன்பெல்லாம் இங்கே மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, இல்லாத வேகத்தை இழுத்து வந்தவள் நகுலேஸ்வரி. அன்றைக்கு இழுக்கவில்லை. கால் கொடுத்த அளவுக்கு நடந்தாள். நடுவழியில் சுவரைப் பிடிக்கவேண்டி வந்தது, பிடித்தாள். எங்கேயோ ஒரு ஊரில் உண்மையான மருந்தை எடுத்த ஒருத்தி இதே தூரத்தை நடந்துகொண்டிருப்பாள். அவள் எவ்வளவு முன்னாலே போய்விட்டாள் என்று பார்க்க, பின்னாலே ஒருத்தி வரத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த முகம் தெரியாதவளை முருகா காப்பாற்று என்ற வேண்டுதல், தடங்கலில்லாமல் வந்தது.

முடிவில் சிவானந்தன் மணிக்கூட்டைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்து, "போன தடவையை விட மெதுவாயிருச்சு அக்கா," என்றார்.

"ஓம்," என்றாள் நகுலேஸ்வரி, நாற்காலியில் மூச்சு வாங்க இருந்தபடி. "அப்பிடியே எழுதுங்கோ."